இழுவைத்திறனைப் பார்ப்பதற்கு முன்னால் கதவுச் சட்டத்தைப் பாருங்கள்

டிரெய்லர் இழுக்க எந்தப் பிக்கப் நல்லது என்று கேட்பவர்களிடம், எந்த டிரெய்லரை இழுக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் அதற்கு விடை இருக்காது. முதலில் வண்டி வரட்டும், டிரெய்லரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். என் அனுபவத்தில் இது தலைகீழான வழி. டிரெய்லரின் எடையும் அது வண்டியின் மீது இறக்கும் பாரமும் தெரியாமல் பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பவர், கடைசியில் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஒரே ஓர் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டியதாகிவிடுகிறது. அந்த எண் இழுவைத்திறன். அது பொய்யான எண் அன்று. ஆனால் பெரும்பாலான வண்டிகள் அந்த எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே வேறொரு வரம்பைத் தொட்டுவிடுகின்றன. அந்த வரம்புதான் சுமைத்திறன், அதாவது வண்டி தன் சக்கரங்களின் மீது தாங்கக்கூடிய ஆட்கள், சாமான்கள், டிரெய்லரின் அழுத்தம் ஆகிய அனைத்தின் கூட்டெடை.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2,200 கிலோ வெற்று எடையும் 3,200 கிலோ மொத்த எடை வரம்பும் உள்ள ஒரு நடுத்தரப் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுமைத்திறன் 1,000 கிலோ என்றும் இழுவைத்திறன் 3,500 கிலோ என்றும் விளம்பரம் சொல்லும். இவை இரண்டும் உண்மைதான். ஆனால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டெடைக்கு 6,000 கிலோ என்று மூன்றாவது வரம்பு ஒன்று கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கும். 3,500 கிலோ டிரெய்லரை மாட்டினால் வண்டிக்கு எஞ்சுவது 2,500 கிலோ. அதில் வெற்று எடை போக, ஆட்களுக்கும் எரிபொருளைத் தவிர்த்த மற்ற எல்லாச் சாமான்களுக்கும் சேர்த்து 300 கிலோ. நான்கு பெரியவர்கள் ஏறி உட்கார்ந்தாலே அது தீர்ந்துவிடும். ஆயிரம் கிலோ ஏற்றலாம், மூவாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கலாம் என்ற இரண்டு வாக்குறுதிகளும் ஒரே பயணத்துக்குப் பொருந்தா என்பதை எந்த விற்பனையாளரும் தாமாக முன்வந்து சொல்லி நான் கேட்டதில்லை.

இழுவைத்திறனை எப்படி அளக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது விளங்கும். அமெரிக்காவில் முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு உகந்த முறையில் அளந்துகொண்டிருந்தது. பிறகு வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே2807 என்ற பொதுத் தரநிலை வந்தது. டொயோட்டா 2011ஆம் ஆண்டு டன்ட்ரா பிக்கப்பில் அதை முதலில் ஏற்றுக்கொண்டது, மற்ற பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தன. அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்துக்கு, கொளுத்தும் வெயிலில் ஏசியை முழு அளவில் ஓடவிட்டு, வண்டி டிரெய்லருடன் ஏற வேண்டும்; பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் உள்ள பிக்கப் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை முன்னோக்கியும் ஐந்து முறை பின்னோக்கியும் கிளம்பிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுவது தலா 68 கிலோ எடையுள்ள ஓட்டுநரும் துணைப் பயணி ஒருவரும் மட்டுமே. குளிர்பெட்டியும் கருவிப்பெட்டியும் பின்னிருக்கையில் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லை.

எனவே வண்டி பார்க்கப் போகும்போது நான் முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணின் கீழ்ப்பகுதியில் ஒட்டியிருக்கும் வில்லையைக் குனிந்து படிப்பேன். சில நாடுகளில் அந்த வில்லை, ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று நேராகவே சொல்லிவிடும். மற்ற இடங்களில் மொத்த எடை வரம்பும் முன், பின் ஆக்சில்களின், அதாவது சக்கர அச்சுகளின், தனித்தனி வரம்புகளும் உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும், கழித்தல் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கையேட்டில் இருப்பது அந்த மாடலின் எண். கதவில் இருப்பதே அந்த ஒரு வண்டியின் எண். ஒரே மாடலில் விலை ஏற ஏறச் சுமைத்திறன் குறைவதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். மேற்கூரைக் கண்ணாடி, மின்சாரப் படிக்கட்டு, பெரிய சக்கரம், நான்கு கதவுக் கேபின், நான்கு சக்கர இயக்கம் என்று ஒவ்வொன்றும் எடையைக் கூட்டுகிறது, மொத்த வரம்போ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளம்பரத்தில் வரும் உச்ச இழுவை எண் அநேகமாக யாரும் வாங்காத வெறுமையான வடிவத்துக்கு உரியது. காட்சிக்கூடத்தில் பளபளவென்று நிற்பது அதுவாக இருக்காது. வாங்கிய பிறகு முன்புறம் இரும்புக் கம்பித்தடுப்பும் பின்தொட்டிக்கு மூடியும் பொருத்தினால் அவையும் இதே கணக்கில்தான் கழியும்.

டிரெய்லரின் எடையிலும் இதே போன்ற மயக்கம் உண்டு. சிற்றேட்டில் இருப்பது வெற்று எடை. தண்ணீர், எரிவாயு உருளை, பேட்டரி, படுக்கை, பாத்திரம் எதுவும் அதில் சேராது. 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அதுவே 150 கிலோ. ஆகவே டிரெய்லரின் அனுமதிக்கப்பட்ட உச்ச எடையையே நான் கணக்கில் கொள்கிறேன். வெற்று எடையோடு வாழ்பவர் யாரும் இல்லை.

இனி முன்முனை எடைக்கு வருகிறேன். இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. டிரெய்லரின் முன்முனை, வண்டியின் பின்னால் அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் பந்தின் மீது கீழ்நோக்கி அழுத்தும் எடை, வட அமெரிக்க வழக்கப்படி டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். தங்கும் வசதியுள்ள டிரெய்லர்களான ஐரோப்பியக் கேரவன்களில் இந்த விகிதம் குறைவு. அங்கே பல நாடுகளில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குத் தனி வேக வரம்பும் இருக்கிறது. முன்முனை எடை அளவுக்குக் குறைந்தால், குறிப்பாகக் கனமான சாமான்களை டிரெய்லரின் பின்கோடியில் அடுக்கினால், வேகத்தில் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டத்திலும் வண்டியின் பின்புறத்தையும் சேர்த்து இழுக்கும். எனவே முன்முனை எடையைக் குறைத்துச் சுமைத்திறனை மிச்சப்படுத்தலாம் என்ற குறுக்குவழி ஆபத்தானது. 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோவரை வண்டியின் சுமைத்திறனிலிருந்து கழித்துவிட வேண்டும், பேரமே கிடையாது.

அந்த எடை விழும் இடமும் முக்கியம். ஹிட்ச் பந்து பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இல்லை. அதற்கு ஒரு மீட்டருக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பின் ஆக்சிலிலிருந்து பந்துவரை 1.3 மீட்டர், வீல்பேஸ் எனப்படும் முன், பின் ஆக்சில்களுக்கு இடைப்பட்ட தூரம் 3.25 மீட்டர், முன்முனை எடை 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், நெம்புகோல் கணக்குப்படி முன்சக்கரங்களின் மீதிருந்து 120 கிலோ தூக்கப்பட்டு, பின் ஆக்சிலின் மீது 420 கிலோ ஏறுகிறது. 300 கிலோவுக்கு 420 கிலோ. மொத்த எடை வரம்புக்குள் இருக்கும் வண்டியும் பின் ஆக்சில் வரம்பை மீறுவது இப்படித்தான். திருப்பும் வேலையையும் பிரேக்கின் பெரும் பங்கையும் செய்யும் முன்சக்கரங்கள் தரையை லேசாகப் பிடிக்கும்போது ஸ்டியரிங் கையில் மிதப்பது போலிருக்கும். இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். எடையை முன் ஆக்சிலுக்குத் திருப்பித் தள்ளும் வில்கம்பி ஹிட்ச் இதற்கு ஓரளவு மருந்து. ஆனால் எல்லா நிறுவனங்களும் எல்லா வண்டிகளிலும் அதை அனுமதிப்பதில்லை, கையேட்டைப் பார்த்த பிறகே பொருத்த வேண்டும். அது சுமைத்திறனைக் கூட்டும் சாதனமும் அன்று.

நீளமான வீல்பேஸ் இந்த நெம்புகோலை நமக்குச் சாதகமாக மாற்றுகிறது. மேலே சொன்ன கணக்கில் வீல்பேஸை 3.9 மீட்டர் ஆக்கினால் முன்புறம் இழப்பது 100 கிலோவாகக் குறையும். இழுப்பதற்காகவே வாங்குபவருக்குக் குட்டையான பிக்கப்பை நான் பரிந்துரைப்பதில்லை, நெரிசலில் நிறுத்துவது எவ்வளவு எளிதாக இருந்தாலும் சரி. ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லரில் இணைப்பு பின்தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் அமைவதால் ஆட்டம் வெகுவாகக் குறையும். ஆனால் அங்கே டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம்வரை வண்டியின் மீது இறங்கும். குட்டைத் தொட்டியாக இருந்தால் கூர்மையாகத் திருப்பும்போது டிரெய்லரின் மூக்கு கேபினின் பின்கண்ணாடியைத் தொடும் அபாயமும் உண்டு. அந்த வகையை இழுக்க எண்ணுபவர் கனரகப் பிக்கப்பிலிருந்தே தேடத் தொடங்குவது நல்லது.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு தாமதமாக எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இன்றைய பிக்கப்களில் டிரெய்லரை நகர்த்த எஞ்சினுக்கு வலுவில்லாமல் போவது அரிது. டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே அதிக டார்க், அதாவது சுழற்றும் விசை, தருவதால் ஏற்றத்தில் அடிக்கடி கியர் மாறாமல் நிதானமாக ஏறும். ஆனால் அதே அளவுள்ள பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமாக இருப்பதால் அதுவும் சுமைத்திறனைத் தின்னும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் உயரமான மலைப்பகுதியில் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் வலுவை இழக்கும். மலைச்சாலையில் இழுப்பவர்கள் டர்போவைக் கேட்பது இதனால்தான். என்னைக் கேட்டால் ஏற்றத்தைவிட இறக்கத்தையே பார்க்கச் சொல்வேன். ஏற்றத்தில் வலு போதாவிட்டால் மெதுவாகப் போவோம், அவ்வளவுதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. புகைவழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறதா, இழுவை நிலைக்கு மாற்றினால் கியர்பாக்ஸ் தானாகக் கீழ்க்கியருக்கு இறங்கி வேகத்தைப் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். டிரெய்லருக்கும் சொந்த பிரேக் வேண்டும். பல நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அது சட்டப்படியே கட்டாயம். டிரெய்லரில் மின்சார பிரேக் இருந்தால் வண்டியில் அதை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் தேவை. அது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்திருந்தால், டிரெய்லர் ஆடத் தொடங்கும் கணத்தில் அதன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி நேராக்கும் வசதி விரல் எட்டும் தூரத்தில் இருக்கும்.

மின்சாரப் பிக்கப்களின் இழுக்கும் வலுவில் குறையே இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் டீசலை மிஞ்சிவிடும். ஆனால் உயரமான பெட்டி போன்ற டிரெய்லரை இழுத்தால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதற்குக் காரணம் எடையைவிடக் காற்றின் தடை. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சார்ஜ் நிலையங்கள் பெரும்பாலும் கார்களுக்காக அமைக்கப்பட்டிருப்பதால் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அருகிலுள்ள ஏரிக்குப் படகை இழுத்துச் செல்பவருக்கு இவை எதுவும் பொருட்டில்லை.

பழைய வண்டி வாங்குபவர்கள் பின்புறம் தரையில் படுத்து ஹிட்ச்சைப் பார்ப்பது அவசியம். ஹிட்ச் குழாயின் குறுக்கே பூட்டும் கம்பியைச் செருகும் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், வண்டி கனமான டிரெய்லரோடு நெடுநாள் உழைத்திருக்கிறது என்று பொருள். பற்றவைப்பு ஓரங்களில் மயிரிழை விரிசலிலிருந்து துருக்கசிவு இறங்கியிருக்கிறதா, மின்கம்பிகளை வெட்டி டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தானியங்கிக் கியர்பாக்ஸ் எண்ணெயைச் சரிபார்க்க அளவுக்கம்பி இருந்தால் உருவி முகர்ந்து பார்க்கலாம். கருகிய வாடை வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் அந்த வண்டியைத் தொட மாட்டேன். ஹிட்ச்சின் தகட்டில் இருக்கும் வரம்பு வண்டியின் வரம்பைவிடக் குறைவாக இருந்தால் குறைந்ததே செல்லும். டயருக்கும் பந்துக்கும் இதே விதிதான்.

முடிவெடுக்கும் முன், நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாதிரியான வண்டியை வைத்திருப்பவரோடு எடைமேடைக்குப் போய்வர முடிந்தால் ஊகத்துக்கே இடமிருக்காது. முதலில் ஆட்களும் சாமான்களும் ஏறிய வண்டியை மட்டும் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். பிறகு டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும். இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாடே முன்முனை எடை. மூன்றாவதாக, வண்டியின் முன்சக்கரங்களை மேடையைத் தாண்ட விட்டுப் பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தினால் பின் ஆக்சிலின் சுமை கிடைக்கும். அந்தச் சீட்டுகளைக் கதவு வில்லையில் உள்ள எண்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வரம்புக்கும் கீழே 10, 15 சதவீதமாவது மிச்சம் இருந்தால் அந்த வண்டியை வாங்கலாம். மிச்சமில்லை என்றால் அதே மாடலில் விலை குறைந்த, எடை குறைந்த வடிவத்தைப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் அடுத்த பெரிய வகைக்குப் போங்கள், அல்லது சிறிய டிரெய்லரைத் தேர்ந்தெடுங்கள்.