ஆயிரம் ரூபாய் கணக்கு

நாங்கள் சேர் என்று அழைத்த ஆசிரியர் இறந்து மூன்றாம் மாதம் அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். நானும் அவரும் எழுதிய தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வழிகாட்டி விற்று முடிந்துவிட்டதாம், இரண்டாம் பதிப்பு போடலாமாம். "நீங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும் டீச்சர்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டினார். பிரித்து எடுக்கக்கூடிய பகுதி அதை எழுதியவருக்கே உரியது. அப்படியானால் கணிதம் சேருடையது, தமிழ் என்னுடையது. சுற்றாடலை மட்டும் ஒரே மேசையில் இருந்து எழுதினோம். எந்த வரி யாருடையது என்று எனக்கே தெரியாது. அது இருவருக்கும் பொது, எங்களில் கடைசியாகப் போகிறவர் போய் 70 ஆண்டு வரை. (கடைசி ஆள் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.)

சேர் மரண சாசனம் எழுதவில்லை. எனவே அவர் பங்கில் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. எங்களுக்குள் ஒப்பந்தம் என்று ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. "பாதிக்குப் பாதி" என்று தேத்தண்ணிக் கடையில் பேசியதுதான்.

அட்டையில் அவர் பெயர் எதற்கு என்று அச்சகத்தில் கேட்டதற்கு மட்டும் கோபம் வந்தது. எழுதியவர் பெயரைப் போடச் சொல்லும் உரிமை அவரோடு போய்விடாது, வாரிசுகளுக்கு வரும். அதைச் சொன்னதும் அடங்கினார்கள்.

சிக்கல் ஒரு கணக்கில்தான். "நாட்சம்பளம் 1000 ரூபாய், அம்மா 22 நாள் வேலை செய்தால்?" 2021இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு அது சரி. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ஆகிவிட்டது. பழைய தொகையைப் பார்த்தால் லயத்துப் (தோட்ட வரிசை வீடுகளின்) பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் கணக்கு சேருடையது, நான் எப்படிக் கைவைப்பது?

கணக்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், போன வருடம் வரை கொழுந்து பறித்தவர். வாசித்துக் காட்டினேன்.

"மாத்துங்க டீச்சர். அவரு இருந்தா கெசட் வந்த அன்னைக்கே மாத்தியிருப்பாரு."

நான் பேனையை எடுத்துப் பெருக்கி 29,700 என்று எழுதும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்:

"22 நாளும் முழுப்பேர்தானே? அரைப்பேர் விழுந்தா இந்தக் காசு வராதே?"

குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுநாள் சம்பளம், அது முழுப்பேர்; குறைந்தால் பாதிச் சம்பளம், அது அரைப்பேர். மூன்று வருடமாக எங்கள் இருவர் கண்ணிலும் படாத ஓட்டை. "முழுப்பேராக" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, சம்மதக் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். கட்டாரில் இருக்கும் மகனின் கையெழுத்து வர இன்னும் இரண்டு வாரம் ஆனது.