மேற்கு முகச் சுவர்கள்

கொழும்பின் கட்டடங்களைப் பெரும்பாலானோர் முகப்பைப் பார்த்தே விரும்புகிறார்கள் அல்லது வெறுக்கிறார்கள். குளிரூட்டல் பொறியியலாளராக வேலை செய்யும் எனக்கோ, பிற்பகல் மூன்று மணிக்கு அதன் உள்ளே எப்படி இருக்கும் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. குளிர்ச் சுமையை, அதாவது உள்ளிருந்து எவ்வளவு வெப்பத்தை அகற்ற வேண்டும் என்பதை, கணிப்பதற்காகக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் கொம்பனித்தெருவிலும் ஏறி இறங்கிய கட்டடங்களிலிருந்தே இந்த நகரத்தின் கட்டடக்கலை பற்றிய என் விருப்பு வெறுப்புகள் பிறந்தன.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஆகவே நண்பகல் வெயில் பெரும்பாலும் கூரையின் மேல்தான் இறங்குகிறது; வடக்கு, தெற்குச் சுவர்களை அளவான ஒரு தாழ்வாரமே காத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலுக்கு அந்தத் தாழ்வாரம் போதாது. இங்கே கடல் மேற்கில் இருப்பதால், கடற்காற்றும், மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றும், எல்லோரும் விலை கொடுத்து வாங்க விரும்பும் காட்சியும், மிகக் கொடிய வெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வந்து சேர்கின்றன. காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்கு ஒரு கட்டடம் என்ன விடை சொல்கிறது என்பதே என்னுடைய அளவுகோல்.

ஒல்லாந்தர் 1749 இல் அத்திவாரமிட்டு 1757 இல் திறந்த வூல்வெண்டால் தேவாலயம், ஏறத்தாழ 5 அடி தடித்த சுவர்களால் விடை சொல்கிறது. கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் கற்தூண்களாலும் கற்கூரையாலும் சொல்கிறது. பகல் முழுவதும் வாங்கிய சூட்டைக் கல் மெதுவாகவே உள்ளே கடத்துவதால், வீதியில் தார் உருகும் நேரத்திலும் உள் மண்டபத்தில் வெறுங்காலுடன் நிற்கலாம். யோர்க் வீதியில் எட்வேர்ட் ஸ்கின்னர் வடிவமைத்து 1906 இல் முடிந்த கார்கில்ஸ் கட்டடம் நடைபாதையையே தன் வளைவுகளுக்குள் எடுத்துக்கொண்டு, வாங்க வராதவருக்கும் நிழல் தருகிறது. வீதியில் போகிறவரையும் கணக்கில் எடுத்த கட்டடம் என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

இவற்றையெல்லாம் விட நான் மதிப்பது, அழகென்று யாரும் அதிகம் புகழ்ந்து நான் கேட்டிராத ஒரு கட்டடத்தை. அரச ஈட்டு வங்கிக்காக ஜெப்ரி பாவா வடிவமைத்து, 1976 முதல் 1978 வரை டார்லி வீதிக்கு அருகில் எழுந்த 12 மாடி அலுவலகம் அது. கட்டடம் அகலமில்லாமல் ஒடுங்கி, காற்றின் திசையைப் பார்த்து நிற்கிறது. மழை அடிக்காதபடி மறைத்த திறப்புகள் முகப்பிலேயே இருப்பதால், சன்னலைத் திறக்காமலே வெளிக்காற்று உள்ளே வரும். மாடிக் கட்டடம் என்றாலே மூடிய பெட்டி என்று எங்கள் தொழிலில் பலர் நம்பியிருக்கிறார்கள். அது கட்டாயமில்லை என்பதற்கான சான்று இதே நகரத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நிற்கிறது.

அதைத் தெரிந்துகொண்டும் மேற்குப் பக்கம் முழுவதையும் கண்ணாடியால் மூடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. தெளிந்த வானமுள்ள பிற்பகலில், நிழலில்லாத சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 7 சதுர மீற்றர் இருந்தால், அதன் வழியே வரும் வெயிலை மட்டும் ஈடுசெய்ய ஒரு தொன் குளிரூட்டல், அதாவது மணித்தியாலத்துக்கு 12,000 பீ.ரீ.யூ. வெப்பத்தை அகற்றும் திறன், தேவைப்படும். பூச்சுக் கண்ணாடி அதைக் குறைக்கும். ஆனால் திறக்காத கண்ணாடி காற்றையும் சேர்த்து மறித்துவிடும். வெயிலை வாங்கிக் காற்றை மறுக்கும் அந்தச் சுவர் எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு அசிங்கமாகவே தெரிகிறது.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைக்காத ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல் மாடிக்கு நான் படியேறிப் போனபோது, ஊழியர்கள் மடிகணினிகளுடன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாடியில் திறக்கக்கூடிய சன்னல் படிக்கட்டில் மட்டுமே இருந்தது. அதே வாரம் புறக்கோட்டையின் ஒரு பழைய கடைவீட்டில், மேல்மாடிக் கணக்குப்பிள்ளை முற்றத்து வெளிச்சத்தில் வழக்கம்போலப் பேரேடு எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைவீடுகளையும் நாங்கள்தான் கெடுக்கிறோம். கதவுக்கு மேலே காற்றுப் போவதற்காகத் துளையிட்டுச் செதுக்கிய மரப்பலகையை வெட்டிச் ஏசியின் செப்புக்குழாயை நுழைக்கிறோம். ஏசியிலிருந்து வடியும் நீர் சுண்ணாம்புச் சாந்தில் ஊறி, உப்புப் பூத்து, கைவைத்தால் மாவாக உதிர்கிறது. அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, அடுத்த மழைக்குள் பூச்சே பாளமாகக் கழன்றுவிடும். அண்மையில் ஒரு முதலாளி முற்றத்தை அண்ணாந்து பார்த்து, "தம்பி, இந்த வெளிய மூடினா குளிர் நிக்கும்தானே?" என்று கேட்டார். "நிக்கும் ஹாஜியார், ஆனா கரண்ட் போனா ஆள் நிக்க ஏலாது" என்றேன். முற்றத்துக்கு மேல் பக்கங்கள் திறந்த உயர்ந்த கூரையும், கணக்கு அறைக்கு மட்டும் ஓர் ஏசியும் என்று முடிவானது.

இப்படி ஒவ்வோர் உரிமையாளரிடமும் தனித்தனியே பேச வேண்டியிருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கு 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குப் பின் எழுந்தவை, தனியாகப் பிரகடனப்படுத்தினால் ஒழிய, அந்தப் பாதுகாப்பைப் பெறுவதில்லை. நான் விரும்பும் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த நாளுக்குப் பிந்தியவை. ஆகவே பழைய கட்டடங்களுக்கான என் அறிக்கைகளில், இயந்திரங்களின் பட்டியலுக்கு முன்னதாக, ஏற்கெனவே உள்ள காற்றுத் திறப்புகளின் வரைபடத்தை இணைத்து, மூடக் கூடாதவற்றைச் சிவப்பு மையில் குறித்துக் கொடுக்கிறேன்.