அந்த 64 எங்கிருந்து வந்தது?

சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு) ஒருவழியாகப் பாஸ். இரண்டாவது தடவை. முதல் தடவை கட்டிய பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஸ்கோர் ரிப்போர்ட்டில் ‘ஐபி கனெக்டிவிட்டி’ பகுதி படுத்தே விட்டது. ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்தான் (பாதையைத் தேர்ந்தெடுக்க ரூட்டர் ஒவ்வொரு லிங்க்குக்கும் போடும் எண், கூட்டுத்தொகை குறைந்த பாதை ஜெயிக்கும்) காலை வாரியது என்று எனக்கே தெரியும். (தேர்வில் வந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். கீழே வருவதெல்லாம் என் லேப் கணக்கு.)

காஸ்ட் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: 100 எம்பிபிஎஸ்ஸை இன்டர்ஃபேஸின் (அதாவது ரூட்டர் போர்ட்டின்) பேண்ட்விட்த்தால் வகு, தசமத்தை வெட்டு, ஒன்றுக்குக் கீழே போனால் ஒன்று என்று வை. கோச்சிங் வகுப்பில் சார் அதற்கும் மேலே போய், “சீரியல்னா 64, மனப்பாடம் பண்ணிக்கோ” என்றார். பண்ணிக்கொண்டேன். சீரியல் என்பது இரண்டு ரூட்டர்களை இணைக்கும் பழைய வகை லிங்க். லேபில் அதற்கு எப்போதும் கிளாக் ரேட் (லிங்க்கில் பிட்கள் ஓடும் வேகம்) 64000 என்றுதான் அடிப்போம். ஆக 64000-க்கு 64! எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். இந்தத் தப்பை மூன்று மாதம் நெஞ்சில் சுமந்தேன்.

தோற்ற பிறகு ஒரு ராத்திரி பேக்கெட் ட்ரேசர் என்ற சிமுலேட்டரில் கிளாக் ரேட்டை 128000 ஆக்கிப் பார்த்தேன். காஸ்ட் அசையவில்லை, அதே 64. அப்புறம்தான் உறைத்தது. ஓஎஸ்பிஎஃப் கிளாக் ரேட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சீரியலின் டீஃபால்ட் பேண்ட்விட்த் 1544 கேபிபிஎஸ். 100 எம்பிபிஎஸ், அதாவது 1,00,000 கேபிபிஎஸ்ஸை அதால் வகுத்தால் 64.76, தசமம் போக 64. பேண்ட்விட்த் 64 என்று கொடுத்ததும் காஸ்ட் 1562-க்கு எகிறியது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

யூனிட்டிலும் ஏமாறாதீர்கள். கிளாக் ரேட் பிபிஎஸ்ஸில், பேண்ட்விட்த் கேபிபிஎஸ்ஸில், ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்விட்த் (சூத்திரத்தில் வரும் அந்த 100) எம்பிபிஎஸ்ஸில். அந்தக் கடைசியை 1000 ஆக்கினால் காஸ்ட் இப்படி மாறும்: ஃபாஸ்ட் ஈதர்நெட் (100 எம்பிபிஎஸ்) 10, கிகாபிட் 1, சீரியல் 647. ஆக்காவிட்டால் ஃபாஸ்ட் ஈதர்நெட்டும் கிகாபிட்டும் ஒரே 1-தான். மாற்றினால் எல்லா ரூட்டரிலும் மாற்றுங்கள். இன்டர்ஃபேஸில் யாராவது ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்’ அடித்திருந்தால் வகுத்தலே வேண்டாம், அதுதான் செல்லும்.

இன்னொரு கூத்து, லிங்க்கின் இரண்டு முனையையும் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆர்1 என்ற ரூட்டரிலிருந்து சீரியல் வழியே ஆர்2, அதன் பின்னால் ஃபாஸ்ட் ஈதர்நெட் லேன் என்றால் விடை 64 + 1 = 65. எனக்கு 129 வந்தது. பாக்கெட் வெளியேறும் போர்ட்டை மட்டும் கூட்ட வேண்டும். கடைசி ரூட்டரின் லேன் போர்ட்டை விடக்கூடாது. அதே லேனுக்கு ஆர்3, ஆர்4 என்று சுற்றிப் போகும் ஃபாஸ்ட் ஈதர்நெட் பாதை இருந்தால் 1 + 1 + 1 + 1 = 4. ஜெயிப்பது அதுதான்.

இரண்டாவது தடவை தேர்வு மையத்தில் கொடுத்த எழுதுபலகையில் முதலில் படம் போட்டேன், வெளியேறும் போர்ட் ஒவ்வொன்றின் மேலும் காஸ்டை எழுதினேன், பிறகுதான் ஆப்ஷன்களைப் படித்தேன். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது, அதனால் அவசரமே படவில்லை.

பாஸானதும் சாருக்குப் போன் போட்டு 64 கதையைச் சொன்னேன். “அதான் பாஸாயிட்டியே தம்பி, விடு” என்றார்.