யாருக்கு எந்தச் சட்டை: ஒரு குடும்பப் படத்தின் நாட்குறிப்பு

பிப்ரவரி 2, ஞாயிறு

குடும்பப் படம் எடுப்பது என்று முடிவாகிவிட்டது. ஸ்டுடியோ வேண்டாம், மரமும் புல்லும் இருக்கிற வெளியிடத்தில், சாயங்கால வெயிலில். தேதி 23. அப்பா, அம்மா, நான், மனைவி, மகள், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை என்று எட்டுப் பேர். உடைப் பொறுப்பு என் தலையில். "நீதாண்ணே கலர் பார்க்கிற ஆளு" என்று தம்பி ஒரே வரியில் முடித்துவிட்டான். அச்சகத்தில் பிரூஃப் பார்ப்பது வேறு, வீட்டு ஆட்களுக்குச் சட்டை பார்ப்பது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் விழவில்லை.

தம்பியின் யோசனை எல்லோருக்கும் ஒரே நீல டி-ஷர்ட். வேண்டாம் என்றேன். தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது ஒருவர் எங்கே முடிகிறார், அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்று தெரியாது. நீலமான ஒரு பரப்பு, அதற்கு மேலே வரிசையாக எட்டுத் தலைகள். அவனுக்கு வருத்தம்தான்.

பிப்ரவரி 5, புதன்

எங்கிருந்து தொடங்குவது என்பதை அம்மாவே தீர்த்துவைத்துவிட்டாள். "நான் அந்தக் கத்தரிப்பூக் கலர் சேலைதான் கட்டுவேன். மத்தவங்க என்ன வேணா போட்டுக்கோங்க."

நல்லதுதான். விட்டுக்கொடுக்காத ஆளின் உடையிலிருந்து தொடங்கினால் பாதிச் சண்டை மிச்சம். அந்தச் சேலையை விரித்துப் பார்த்தேன். உடல் கத்தரிப்பூ, கரை சாம்பல், கரையோரம் மெல்லிய ஜரிகைக் கோடு, முந்தானையில் கொஞ்சம் சந்தன நிறம், கொஞ்சம் கருநீலம். மற்ற ஏழு பேருக்கும் தேவையான நிறம் அந்த ஒரு முந்தானையிலேயே இருக்கிறது. பூவேலை, கட்டம், கோடு எல்லாம் ஒரே ஒருவர் உடையில் தூக்கலாக இருந்தால் போதும். அந்த இடம் அம்மாவுக்கு.

பிப்ரவரி 8, சனி

பீரோவில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினோம். தம்பி வீட்டுத் துணியும் ஒரு பையில் வந்தது. வேண்டும், வேண்டாம் என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது நான் ஸ்டூல்மேல் ஏறி மேலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றினேன்.

நிறத்தை உருவிவிட்டால் மிஞ்சுவது வெளுப்பும் அடர்த்தியும்தான். படத்தில் முதலில் கண்ணில் படுவது அதுவே. அம்மாவின் கத்தரிப்பூ, அப்பாவுக்கு எடுத்து வைத்த அரக்குச் சட்டை, தம்பியின் இலைப்பச்சை மூன்றும் கட்டிலில் மூன்று நிறம். கறுப்பு வெள்ளையில் மூன்றும் ஒரே சாம்பல், எது எதுவென்றே சொல்ல முடியவில்லை. அந்த இருட்டுக்கு நடுவில் மகளின் எலுமிச்சை மஞ்சள் கவுன் மட்டும் பளீரென்று வெள்ளையாக நின்றது. மூலையில் ஒரு விரல் அளவுக்குத்தான் தெரிந்தது, ஆனாலும் கண் அங்கேதான் போகிறது. அவளை ஓரத்தில் நிறுத்தினால் படமே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

இன்னொன்றும் கண்டேன். எனக்கென்று நான் எடுத்து வைத்திருந்தது வெளிர் பழுப்புச் சட்டை. அதைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்து மாற்றினால், காலர் எங்கே, கழுத்து எங்கே என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் மாநிறம். வெளியில் படமா, பழுப்பும் சந்தனமும் போடுங்கள் என்று ஊரெல்லாம் சொல்கிற யோசனை வெளுத்த தோலை மனதில் வைத்துச் சொன்னது. இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. ஃபிலிம் காலத்தில் பிரின்ட் போடும் இடங்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடக் நிறுவனம் கொடுத்த 'ஷர்லி' அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். தோலைவிட ஒரு படி வெளுப்பு, இல்லையென்றால் ஒரு படி அடர்த்தி. தோலின் அளவிலேயே இருக்கிற துணி மட்டும் வேண்டாம். என் பழுப்புச் சட்டை மடித்து உள்ளே போய்விட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று இரவு குழல்விளக்கில் அச்சு அசலாகப் பொருந்திய அப்பாவின் சாம்பல் பேன்ட்டும் சாம்பல் சட்டையும் இன்று காலை மாடியில் பொருந்தவில்லை. பேன்ட்டில் செம்மை தட்டுகிறது. அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இது அச்சகத்தில் தினம் நடப்பது. இரண்டு துணியில் இரண்டு வேறு சாயம். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும், வேறு விளக்கில் பிரிந்துவிடும். அதனால்தான் அச்சுத் தாளை நாங்கள் பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் விளக்குப் பெட்டிக்குள் வைத்துத்தான் ஒப்பிடுவோம். வீட்டில் அந்தப் பெட்டி எதற்கு, மாடி இருக்கிறதே. இனி எந்தத் துணியானாலும் பகலில் மாடிக்குப் போய்த்தான் முடிவு என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளை இன்னும் மோசம். தம்பியின் சட்டை சோப்புத்தூள் வெள்ளை. சோப்புத்தூளில் போடும் ஒளிரூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும். வெளியில் அந்தக் கதிருக்குப் பஞ்சமில்லை. மனைவியின் டாப்ஸ் பால் வெள்ளை. தனியாகப் பார்த்தால் அழகு. தம்பி சட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் துவைக்காத துணி. ஒருவருக்காவது மாற்ற வேண்டும். தம்பிக்குத்தான் மாற்றினேன், மனைவிக்கு என்று சொல்லிவிட்டு இந்த வீட்டில் இருக்க முடியாது.

அப்பாவின் சாம்பல் சட்டையை அம்மாவின் சேலைமேல் வைத்தபோது லேசாகப் பச்சை அடித்தது. விலக்கினால் மறுபடி சாம்பல். பிரான்சில் கோபலின் நெசவுக்கூடத்துச் சாயப்பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று வந்த புகாரை ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் என்று கண்டுபிடித்தார். 1839-ல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஆக, அப்பாவுக்குச் சாம்பல் வேண்டாம், கருநீலம். அம்மா பக்கத்தில் நிற்கப்போவது அவர்தானே.

பிப்ரவரி 13, வியாழன்

தம்பி புதுச் சட்டை வாங்கிவிட்டான், பொடிக் கட்டம். எதற்குப் பொடிக் கட்டம் என்று தொலைபேசியில் அரை மணி நேரம். அச்சில் படம் பொடிப் புள்ளிகளாகத்தான் விழும். நான்கு மைக்கும் அந்தப் புள்ளி வரிசையை நாங்கள் வெவ்வேறு கோணத்தில் திருப்பி வைப்பது எதற்காக? வரிசையோடு வரிசை மோதி அலை அலையாகக் கோலம் விழாமல் இருக்கத்தான். மொயிரே என்போம். கேமராவுக்குள் ஒளியைப் பதிகிற சென்சாரிலும் புள்ளிகள் கட்டம் கட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. துணியின் கட்டமும் அதுவும் ஏறக்குறைய ஒரே அளவில் சந்தித்தால் சட்டையில் வானவில் நெளியும். கொஞ்சம் தள்ளி நின்றால் போய்விடும், வேறொரு தூரத்தில் திரும்ப வரும். "அப்ப தள்ளி நின்னுக்கிறேன்" என்கிறான். வைத்ததை வைத்தபடி விட்டேன்; அவன் பணம், அவன் சட்டை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாயங்காலம் நானும் மனைவியும் மகளும் அப்பாவும் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தோம். புகைப்படக்காரர் குறித்துக் கொடுத்த அதே நேரம். வீட்டுக் கண்ணாடி சொல்லாததையெல்லாம் அந்த வெயில் சொன்னது.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துத்தான் எடுப்பார்கள். அப்போதுதான் யாரும் கண்ணைச் சுருக்காமல் நிற்க முடியும், முடியோரமும் மினுங்கும். மகளை அப்படி நிறுத்தினால், மஞ்சளுக்குப் பதிலாக எடுத்த இளம் ஊதா கவுனுக்குள் இரண்டு காலும் முழங்கால் முதல் கணுக்கால் வரை நிழலாகத் தெரிகின்றன. அறைக்குள் அது கெட்டித் துணிதான். உள்ளே ஒரு பருத்திப் பாவாடை கட்டாயம். மனைவிக்கும் அதே கதை.

அப்பாவின் கண்ணாடி வெயிலில் கறுக்கிற ரகம். படி இறங்கும்போது தெளிவாக இருந்தது, புல்லுக்கு வந்து சேர்வதற்குள் கறுப்புக் கண்ணாடி ஆகிவிட்டது. மரத்தடியில் நிறுத்திக் காத்திருந்தோம். நிழலிலும் புற ஊதா இருக்கத்தானே செய்கிறது, முழுக்கத் தெளியவில்லை. படத்தில் கண்ணே தெரியாது. பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"அதுல எழுத்து மங்கலா இருக்குப்பா."

"அங்க போய்ப் படிக்கவா போறீங்க?"

சம்மதித்துவிட்டார்.

உட்கார்ந்து பார்த்தால் புல் பச்சை கீழிருந்து தாடையில் ஏறுகிறது. மகள் விளையாட்டுக்காக என் சிவப்புக் குடையைக் கழுத்தடியில் விரித்துப் பிடித்தாள். தாடை, மூக்கின் அடிப்பக்கம் எல்லாம் சிவந்துவிட்டது. முகத்துக்குக் கீழே கண்ணைப் பறிக்கிற நிறம் ஏன் கூடாது என்று வீட்டில் எத்தனை முறை சொல்லியும் ஏறாதது இந்தக் குடையில் ஏறியது. தம்பி மனைவி வைத்திருந்த செவ்வரளி நிறத் துப்பட்டாவுக்கு அன்றே விடை கொடுத்தாகிவிட்டது. படமெடுத்து அனுப்பினேன், "சரிங்க மாமா, புரியுது" என்று பதில்.

ஜரிகையைப் பற்றித்தான் பயம். ஆனால் சூரியன் இறங்க இறங்க வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. உச்சி வெயிலில் வெள்ளைத் தழும்பாக எரிகிற ஜரிகை அந்த நேரத்தில் வெறும் கோடாகத்தான் மின்னும். சாட்டின்தான் ஆகாது: மனைவியின் சாட்டின் சட்டையில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு வெள்ளைக் கோடு. பருத்தி, லினன் மாதிரி மினுங்காத துணிக்கு மாறச் சம்மதித்துவிட்டாள். லினன் கசங்குமே என்றால், கசங்கட்டும், அது லினனுக்கு அழகு என்கிறாள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

சின்ன விஷயங்கள். மகளின் புதுக் கவுனை ஒருமுறை துவைத்து, கழுத்துப் பட்டியில் இருந்த லேபிளை வெட்டி, வீட்டில் ஒருநாள் போட விட்டோம். அரிக்கிற உடையில் எந்தப் பிள்ளையும் சிரிக்காது. குழந்தைக்கு மாற்று உடை ஒன்றல்ல, இரண்டு, அதுவும் அதே நிறக் குடும்பத்தில். நெஞ்சில் எழுத்தும் கார்ட்டூனும் கிடையாது: எழுத்து இருந்தால் கண் முதலில் அதைப் படிக்கப் போய்விடும்.

எனக்குச் சாம்பல் டி-ஷர்ட் என்று மனைவி சொன்னாள். வேர்த்தால் முதலில் காட்டிக்கொடுக்கிற நிறம் அது. கருநீலத்திலும் வெள்ளையிலும் அவ்வளவாகத் தெரியாது. எனக்கு வேர்க்கும். வெள்ளைக்கு இரண்டு படி கீழே, மங்கலான நீலச் சட்டை எனக்கு.

செருப்பை யாரும் யோசிக்கவே இல்லை. முழு உருவப் படம் என்றால் பதினாறு பாதமும் தெரியும். தம்பியின் ஆரஞ்சு ஸ்போர்ட்ஸ் ஷூவுக்குத் தடை.

பிப்ரவரி 22, சனி

கடைசியாக மறுபடி கட்டிலில் பரப்பி, மறுபடி கறுப்பு வெள்ளைப் படம். அம்மாவும் அப்பாவும் அடர்த்தி, நடுவில். நான், தம்பி, தம்பி மனைவி இடைப்பட்டது. மனைவி பால் வெள்ளை, குழந்தை சந்தனம், மகள் இளம் ஊதா: வெளுப்பு மூன்றும் மூன்று இடத்தில் பிரிந்து நிற்கும்படி வைத்தாயிற்று. மஞ்சள் கவுன் இல்லை என்று மகளுக்கு இன்னும் கோபம் தணியவில்லை. தலையில் மஞ்சள் ரிப்பன் என்று சமாதானம். இஸ்திரி போட்டதை மடிக்காமல் ஹேங்கரிலேயே காரில் தொங்கவிட்டு, அங்கே போய் மாற்றிக்கொள்வது என்று முடிவு. லினனுக்கு நான் வைத்த நிபந்தனை அது.

பிப்ரவரி 23, ஞாயிறு, இரவு

முடிந்தது. குழந்தை முதல் பத்து நிமிடத்திலேயே பாலைக் கக்கிவிட்டது, இரண்டாவது உடை; அடுத்த அரை மணியில் மூன்றாவது. இரண்டு கொண்டுபோனது நல்லதாயிற்று. காற்று வீசியபோது தம்பி மனைவியின் துப்பட்டா அப்பா முகத்தை மூடியது. ஒரு பின் போட்டுத் தோளில் நிறுத்தினோம். புகைப்படக்காரர் எல்லோருடைய சட்டைப் பையையும் பேன்ட் பையையும் காலி செய்யச் சொன்னார்: கைபேசி, சாவி, தம்பியின் மூட்டை மாதிரியான பர்ஸ். மகள் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டையும் அவர்தான் பார்த்தார். அவ்வளவு பார்த்த எனக்கு அது படவில்லை, தொழில்காரர் கண் வேறுதான்.

அம்மா ஒருமுறைகூட முந்தானையைச் சரிசெய்யவில்லை. பழகிய சேலை.

மார்ச் 1, சனி

படங்கள் வந்துவிட்டன. கைபேசியில் திறந்ததும் தம்பியிடமிருந்து போன். "அண்ணே, சட்டை நெளியுது." நெளியத்தான் செய்தது: நெஞ்சுப் பக்கம் மெல்லிய வில் கோலம். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது, அலை இல்லை. பெரிய படத்தைச் சின்னத் திரைக்குச் சுருக்கும்போது விழுகிற கோலம் அது, சென்சாரில் விழுந்தது அல்ல. கணினியில் முழு அளவில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டேன். ஒன்றில் மட்டும், அவன் கேமராவுக்கு மிக அருகில் வந்து நின்றதில், தோளில் நிஜமாகவே கொஞ்சம் ஓடுகிறது. அதை ஒதுக்கிவிட்டேன்.

அம்மாவுக்குப் பிடித்தது அவளும் அப்பாவும் மட்டும் இருக்கிற படம். கத்தரிப்பூவுக்குப் பக்கத்தில் கருநீலம் நன்றாக நிற்கிறது, பழைய கண்ணாடிக்குள் அப்பாவின் கண் தெளிவாகத் தெரிகிறது. மகள் ரிப்பன் தெரிகிற படங்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறாள். எட்டுப் பேரும் இருக்கிறதில் எதைப் பெரிதாகப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டைத் தேர்ந்தெடுத்து முதலில் சின்ன அளவில் மேட் தாளில் போட்டு, பகலில் மாடியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தம்பிக்குப் பளபளத் தாள்தான் வேண்டுமாம்.