இஞ்சி ஜாடியின் அடிவளையம்: மூன்றாம் மாதக் குறிப்பு

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒருவர் பழஞ்சாமான் விற்பனையில் 35 டாலருக்கு வாங்கிய கிண்ணம், சீனாவின் மிங் அரசமரபுக் காலத்ததென்று தெரிந்து 2021 மார்ச்சில் ஏலத்தில் 7,21,800 டாலருக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்தே எனக்குப் பழைய சீனப் பீங்கான் வாங்கும் ஆசை. மலாக்காவில் ஒரு கடையில் 220 ரிங்கிட்டுக்கு இஞ்சி ஜாடி (மூடி போட்ட உருண்டைப் பீங்கான் ஜாடி) ஒன்று வாங்கினேன். மூடி இல்லை. நீலப் பின்னணியில் பனிக்கட்டி வெடித்தது போலக் கோடுகள், நடுவே வெள்ளைப் பிளம் பூக்கள். அடியில் இரட்டை வட்டத்துக்குள் நான்கு எழுத்து: சீன மன்னர் காங்ஷியின் காலம், அதாவது 1662–1722. முந்நூறு வருஷச் சாமான் என்றார் கடைக்காரர்.

முதல் மாதம் முழுக்க அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். முன்னோர் மீதுள்ள மரியாதையில் பழைய மன்னர் பெயரை எழுதுவது சீனக் குயவர்களின் வழக்கம். காங்ஷி காலத்தவர்கள் தங்களுக்கு முந்தைய மிங் மன்னர் பெயரை எழுதினார்கள். பிற்கால மன்னர் குவாங்ஷுவின் காலத்தவர்கள் (1875–1908) காங்ஷி பெயரை எழுதினார்கள். போதாததற்கு, 1677-இல் பீங்கான் செய்யும் ஊரான ஜிங்டெஜென்னின் அதிகாரி ஒருவர் மன்னர் பெயரைப் பாத்திரத்தில் எழுதக் கூடாதென்று தடை போட்டார். பாத்திரம் உடைந்தால் பெயர் குப்பைக்குப் போய்விடுமே என்ற கவலை. அதனால் உண்மையான காங்ஷிச் சாமான் பலவற்றில் வெறும் இரட்டை வட்டம் மட்டுமே இருக்கும்.

இரண்டாம் மாதம் ஜாடியைக் கவிழ்த்தேன். இங்கே பல வருஷமாகச் சேகரிக்கும் ஒரு அண்ணன் தன்னிடமிருந்த காங்ஷி கால உடைந்த தட்டைக் கையில் கொடுத்து, "கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க தம்பி" என்றார். தட்டு நிற்கும் மெருகு பூசாத அடிவளையம் சந்தனக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. மண் அவ்வளவு நைஸ். என் ஜாடியைத் தடவினால் சுண்ணாம்புச் சுவர் போல நறநறவென்றது. வளையத்தைச் சீவியதிலும் அவசரம் தெரிந்தது. பத்து மடங்கு லென்ஸில் நீலத்தையும் பார்த்தேன். தட்டில் ஒரே நீலம் அடுக்கடுக்காக, மை நீரில் கரைவதுபோல் ஓடுகிறது. என் ஜாடியில் ஒரே சீராக அப்பியிருக்கிறது.

ஆக, குவாங்ஷு காலம் என்பது என் முடிவு. அந்நாளில் இப்படிப்பட்ட பிளம் ஜாடிகள் ஐரோப்பாவுக்கு ஏராளமாகக் கப்பலேறின. நேற்றையப் போலி இல்லை என்பதற்கும் ஜாடியே சாட்சி. தேய்மானக் கீறல்கள் பல திசையில், ஆழம் மாறி மாறி இருக்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் ஒரே பக்கமாக ஓடியிருக்கும்.

விலைக்கு வருவோம். விரல் முட்டியால் தட்டினால் ஒரு பக்கம் கிணீர், வாய்ப்பக்கம் டொக். விளக்கை உள்ளே விட்டுப் பார்த்ததில் மயிரிழை விரிசல், இரண்டு அங்குலம். மூடியும் போய், விரிசலும் இருந்தால் நான் கொடுத்த 220 நியாயமான விலைதான். விற்கப்போவதில்லை. வாய் விட்டத்தை அளந்து வைத்திருக்கிறேன், 7.4 சென்டிமீட்டர்; அதற்குப் பொருந்தும் பழைய மூடி தேடுகிறேன்.