தேக்கா முனையில் பலகை பிடிப்பவர்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உள் சந்துகளில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு: முனையில் ஒருவரைப் பலகையோடு நிறுத்துவது இன்றும் நல்ல விளம்பரம்தான். ஆனால் இடம் முக்கியம். அமெரிக்காவில் கார் ஓட்டிகளுக்காகப் பலகையைச் சுழற்றுவார்கள். இங்கே நம் வாடிக்கையாளர் நடந்து வருகிறார். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பஃபலோ ரோடு வழியாக வருபவர், சிராங்கூன் ரோட்டைக் கடக்கப் பச்சை விளக்குக்காக நிற்பாரே, அந்தச் சில விநாடிகளில்தான் பலகையைப் படிப்பார். என்ன கிடைக்கும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இவ்வளவு போதும். வங்காளதேசத் தம்பிகள் கூடும் லெம்பு ரோடு பக்கமென்றால் வங்காள மொழியிலும் எழுதுங்கள்.

அப்புறம், அந்த ஆள். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். மதிய வெயிலில் வயதான அண்ணன் ஒருவரைத் தண்ணீர்கூட இல்லாமல் நிறுத்தியிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. வெயிலையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்பநிலை 32 டிகிரியைத் தொட்டால், கடினமான வெளிவேலை செய்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023இல் விதி கொண்டுவந்தது. பலகை பிடிப்பது கடின வேலையா என்று வாதாட வேண்டாம். நிழல், தண்ணீர், உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள்.

வேறு முதலாளியின் வேலை அனுமதியில் இருக்கும் தம்பியை ஞாயிற்றுக்கிழமை கைச்செலவுக்கு என்று நிறுத்தாதீர்கள். அது சட்டவிரோதம், அவர் பிழைப்பே போய்விடும்.

நிற்பவருக்கு முதலில் உங்கள் கடைச் சாப்பாட்டைப் போடுங்கள். “மீன் கறி எப்படிண்ணே?” என்று யாராவது கேட்டால், அவரே வாய் நிறையச் சொல்லட்டும்.