ரெண்டருக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுங்கள்: ஒரு டிசைனர் குழுவின் நாட்குறிப்பு

ஜூன் 2

நான் நடத்துகிற டிசைனர்களின் இணையக் குழுவுக்கு இன்று வந்தது ஒரு மின்கெட்டிலின் படம். மேட் கறுப்பு உடல், மரக் கைப்பிடி, பக்கவாட்டில் விழும் இளவெளிச்சம். ரெண்டரில், அதாவது கணினியில் நிஜப் பொருள் போலவே உருவாக்கிய படத்தில், குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே வரிசையாக ‘அருமை’, ‘சூப்பர்’, கைதட்டல் குறிகள். கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவில் விரல் நுழையுமா, மூடியைத் திறந்தால் ஆவி எந்தப் பக்கம் வரும், உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எங்கே பார்ப்பது? இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. முடிந்துவிட்ட பொருள் மாதிரி ஒரு படம் வந்தால் பாராட்டத்தான் தோன்றும். யோசனை சொல்ல அதில் இடம் இல்லை. அதனால் இனி யார் வேலையைக் காட்டினாலும் கூடவே பொருளை நடுவில் வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படம், கையில் பிடித்துப் பார்த்த ஏதாவது ஒரு மாதிரி, பதில் தேடுகிற ஒரு கேள்வி ஆகியவற்றையும் தரும்படி கேட்கப்போகிறேன். மாதிரி அட்டையில் இருந்தாலும் போதும்.

ஜூன் 4

எதிர்பார்த்த முணுமுணுப்பு வந்தது. ‘அரைகுறையாகக் காட்டினால் வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள்?’ நியாயமான பயம்தான். வேலை தேடுகிறவர்களுக்கு அழகான படம் வேண்டும். ஆனால் அதைக் காட்ட போர்ட்ஃபோலியோ, அதாவது நம் வேலைகளின் தொகுப்பு, இருக்கிறது. சக டிசைனர்கள் கூடுகிற இடத்தில் சிக்கலைக் காட்டினால்தான் பயன்.

ஜூன் 7

கெட்டில்காரர் அசத்திவிட்டார். ஃபோமில் கைப்பிடியை அறுத்து, அட்டை உடலில் ஒட்டி, உள்ளே ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை டேப் போட்டுக் கட்டி, ஊற்றுவது போலச் சாய்த்துப் படம் எடுத்திருக்கிறார். கீழிருந்து எடுத்த படத்தில் விரல் கணுக்கள் உடலில் இடிப்பது பளிச்சென்று தெரிகிறது. உண்மையான கெட்டிலாக இருந்தால் அங்கே சுட்டிருக்கும். அவர் கேட்ட கேள்வி: ‘நிரம்பியிருக்கும்போது மணிக்கட்டு இழுக்கிறது. இடைவெளியைக் கூட்டவா, கைப்பிடியை மேலே கொண்டுபோகவா?’

அப்புறம் பாருங்கள், அதே ஆட்கள்தான், பேச்சே மாறிவிட்டது. பக்கக் கைப்பிடி என்றால் எடை முழுவதும் கையைவிட்டுத் தள்ளி நிற்கும், இடைவெளியைக் கூட்டினால் அது இன்னும் தள்ளிப்போகும் என்று ஒருவர் அம்புக்குறி போட்டு வரைந்து காட்டினார். மேல் கைப்பிடியில் எடை கைக்கு நேர் கீழே தொங்கும், ஆனால் மூடி சரியாக மூடாவிட்டால் ஆவி நேராக விரலில் படும் என்றார் இன்னொருவர். முடக்குவாதம் உள்ளவர்கள் எப்படிப் பிடிப்பார்கள் என்று ஒருவர் கேட்டதும் ஆக்ஸோ நிறுவனத்தின் ‘குட் கிரிப்ஸ்’ காய்கறித் தோல் சீவி பேச்சுக்கு வந்தது. மனைவி பெட்ஸிக்கு மூட்டுவாதத்தால் சீவி பிடிக்கவே சிரமமாக இருப்பதைப் பார்த்துத்தான் ஆக்ஸோவை நிறுவிய சாம் ஃபார்பர் அந்த வேலையைத் தொடங்கினார். ஸ்மார்ட் டிசைன் நிறுவனம் வடிவமைத்து, 1990-இல் கடைக்கு வந்தது. தடித்த ரப்பர் பிடி, விரல் அழுத்தும் இடத்தில் வளைந்து கொடுக்கிற மெல்லிய செதில்கள். கை வலிக்கிறவருக்காக யோசித்தது எல்லோருக்குமே சுகமாகிவிட்டது.

ஜூன் 11

மோல்டு (பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சு) செய்கிற பொறியாளர் ஒருவர் குழுவில் சேர்ந்திருக்கிறார். இவரைப் போன்றவர்கள் வரமாட்டார்களா என்று ரொம்ப நாளாக ஏங்கிக்கொண்டிருந்தேன். வந்த முதல் நாளே ஒரு ரேடியோப் பெட்டியின் குறுக்குவெட்டை எடுத்துவைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். பக்கச் சுவர் நேர் செங்குத்தாக இருக்கிறது, இப்படியே விட்டால் அச்சிலிருந்து வெளியே வரும்போது உரசிக் கீறல் விழும், ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 1 டிகிரி டிராஃப்ட், அதாவது சாய்வு, கொடுங்கள் என்றார். மேலே டெக்ஸ்சர் (சொரசொரப்பு) வேண்டுமென்றால், அதன் ஆழம் 0.025 மி.மீ. கூடும்போதெல்லாம் சுமார் 1 டிகிரி சேர்க்க வேண்டும். உள்ளே சுவரைத் தாங்குகிற ரிப்கள், அதாவது விலா போன்ற பட்டைகள், சுவரின் அளவுக்கே தடிமன். அந்த இடம் மெதுவாக ஆறிச் சுருங்கும், வெளிப்பக்கம் குழி விழும், அதனால் ரிப்பைச் சுவர்த் தடிமனில் 50 முதல் 60 சதவீதத்துக்குள் வையுங்கள் என்றார்.

பள்ளம் எங்கே விழும் என்பதைப் படத்தின் மேலேயே ஒரு சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார். ரெண்டரில் அந்த இடம் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது!

ஜூன் 16

தனிச் செய்தியில் ஒரு கேள்வி: ‘இன்னும் பதிவு செய்யாத வடிவத்தைக் குழுவில் காட்டலாமா?’ பதிலை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். வடிவமைப்புப் பதிவுக்குப் புதுமை அவசியம். முன்கூட்டியே பொதுவில் காட்டிவிட்டால் அது போய்விடலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் டிசைனரே காட்டியிருந்தால் அதன் பிறகு விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் உண்டு. இந்தியா, சீனா போன்ற நாடுகளில் சில குறுகிய விதிவிலக்குகளைத் தவிர அந்தச் சலுகை கிடையாது. எங்கே விற்கப்போகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்து, பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு, பிறகு காட்டுங்கள்.

ரகசிய ஒப்பந்தத்தில் இருக்கும் வேலையைப் பெயரை மறைத்துக்கூடக் கொண்டுவர வேண்டாம். வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்கலை மட்டும் தனியாகப் பிரித்து வேறொரு எளிய பெட்டியில் வரைந்து கேளுங்கள், பதில் கிடைக்கும்.

ஜூன் 20

ஒரு மருத்துவக் கருவியின் படத்தைத் தன் பெயரில் மட்டும் போட்டவரிடம் பேசினேன். உள்ளமைப்பைச் செய்தவர் வேறு, மாதிரி செய்தவர் வேறு. உடனே திருத்திவிட்டார். யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி எழுதுவது இனி கட்டாயம்.

ஜூன் 29

இன்று உலகத் தொழில் வடிவமைப்பு நாள். 1957-இல் இதே தேதியில் இக்சிட் (ICSID) என்ற பெயரில் தொடங்கிய பன்னாட்டு வடிவமைப்பு அமைப்புதான் 2017 முதல் உலக வடிவமைப்பு நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. வாழ்த்துப் படங்களுக்குப் பதிலாக, கைவிட்ட மாதிரிகளைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தேன். ஜேம்ஸ் டைசன் தன் பையில்லா வாக்குவம் க்ளீனருக்காக 5,127 மாதிரிகள் செய்தார் என்று எல்லோரும் சொல்வோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி ஒன்றுதான். மற்றவற்றில்தான் எனக்கு ஆசை.

வந்தன! உடைந்த கிளிப்புகள், மூடாத மூடிகள், இடது கையால் திருப்பவே முடியாத குமிழ். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் கைவிட்டேன் என்று ஒரு பத்தி. இரவு வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3

இவற்றையெல்லாம் பொருளின் பெயரால் அடுக்கினால் யாருக்கும் உதவாது. கீல் உடைந்து அவதிப்படுகிறவர் ‘மருந்துப் பெட்டி’ என்ற தலைப்பில் போய்த் தேடமாட்டார். அதனால் பிடி, கீல், மூடி, சுருக்கம், பூச்சு என்று சிக்கலின் பெயரால் பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

கீல் பகுதிக்கு மாணவி ஒருவர் அனுப்பியது ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி; மூடியும் உடலும் ஒரே துண்டு, நடுவில் இருக்கும் மடிப்புதான் கீல். மடிப்பு சில தடவையிலேயே வெள்ளையாகி வெடித்திருக்கிறது. மோல்டு பொறியாளர் பதில் எழுதியிருக்கிறார்: ஏபிஎஸ் இப்படி மடிப்பதற்கு ஏற்றதல்ல, பாலிபுரோப்பிலீன் என்ற வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்குக்கு மாறுங்கள், மடிப்பை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலியுங்கள், அச்சிலிருந்து எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் ஒருமுறை மடித்துவிடுங்கள். மாணவி அடுத்த மாதிரிக்கு மெட்டீரியல் தேடிக்கொண்டிருக்கிறார். படமும் பதிலும் சேர்ந்து அந்தப் பகுதியில் முதலாவதாக ஏறிவிட்டன.